எமரன்சியாவின் முழங்கை

திருநெல்வேலி ரோட்டுப் புதுக்கோட்டை டோல்கேட்டில் வண்டி நின்று நகர்வதற்குள் பெர்க்மான்ஸ் அதை மறுபடியும் கேட்டுவிட்டார். அவிய கேட்டா என்ன சொல்லுவ என்றார். எமரன்சியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பெல்ட்டைப் பிடிச்சேன்னு சொல்லுவேன் என்றாள். எந்தக் கையால? வலது கையால. ஏன் பிடிச்சன்னு கேட்டா? படகு ஆடிச்சு, அதனால. அப்படிச் சொல்லாத, ஆடிச்சுன்னா எவ்வளவு ஆடிச்சும்பான் அந்த ஆவுடையப்பன், அவன் கண் டாக்டரு, குறுக்குக் கேள்வி கேக்கதுல வக்கீல் தோத்தான், நீ சும்மா ஒரு சப்போர்ட்டுக்குன்னு சொல்லு. சரி, சப்போர்ட்டுக்கு. அந்த ஒரு வார்த்தையைக் காலையிலிருந்து எத்தனை முறை வாயில் போட்டு மென்றிருப்பாள். மென்று மென்று அது சக்கையாகி, இப்போது அவளுக்குச் சப்போர்ட் என்றால் என்னவென்றே தெரியவில்லை. காலையில் இட்லித் தட்டை வைக்கும்போது கேட்டார். குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்று கேட்டார். கோவிலில் நன்மை வாங்கிவிட்டு வந்து முழங்கால் போட்டிருக்கும்போது, ஆண்டவருடைய உடல் நாக்கில் கரைவதற்கு முன்னால், குனிந்து காதருகே, பெல்ட்டு, மறந்துராத என்றார். கட்டிய நாள் முதல் இந்த மனுசன் எதையும் ஒரே தடவை கேட்டதில்லை. கேஸ் மூடினியா, கேஸ் மூடினியா. துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் காகித வேலை பார்த்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மூணு நகல் கேட்கும் புத்தி. அவருக்கு இன்றைக்குத் தேவை அவள் வாயிலிருந்து ஒரு நகல். திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் மாடியில், தென்கடல் தூண்டில் சங்கத்தின் சாதனைக் குழு அவளுக்காகக் காத்திருக்கிறது. பெரிய பெரிய ஆம்பளைகள், பேன் சுற்றும் அறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அம்மா நீங்க தூண்டில் கம்பைத் தொட்டீங்களா, தொடலையா என்று கேட்கப்போகிறார்கள்.

கம்பு இல்லட்டி, ராடு. அதையும் திருத்துவார். ராடு என்றே இருக்கட்டும். மீன் கடித்த நிமிடத்திலிருந்து அது படகுக்குள் வந்து விழுகிற வரைக்கும், பிடிக்கிறவரைத் தவிர வேறு யாரும் ராடையோ ரீலையோ தூண்டில் நரம்பையோ விரலால்கூடத் தொடக் கூடாது, தொட்டால் அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது, இதுதான் சட்டம். ஆளைத் தொடலாம். இடுப்பைப் பிடிக்கலாம், சட்டையைப் பிடிக்கலாம், கட்டிப்பிடித்து முத்தம்கூடக் கொடுக்கலாமாம், சங்கத்து ஆள் ஒருவர் வாட்ஸப்பில் அப்படி எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு இவரும் சிரித்தார். அவளுக்கு வந்ததே எரிச்சல். மாசி மாசம் பிடித்த ஒரு பாரை மீன். முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கரைக்கு வந்து, முத்திரை போட்ட தராசில் நிறுத்து, படம் எடுத்து, வெட்டிப் பங்கு வைத்து, குழம்பாகி, செரித்து, அதோடு அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை சங்கத்தில் பெரிய பாரை டாக்டர் ஆவுடையப்பனுடையது. அவருடைய மீனைவிட இது ஒன்றரைக் கிலோ கூடுதல். மீன் பிடித்த அன்றைக்கு டாக்டருடைய சிநேகிதர் வேறொரு படகில் பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று எப்படியோ வெளியே வந்தது. அதில் பெர்க்மான்ஸின் முதுகு தெரிகிறது. முதுகுக்கு இடதுபுறம் அவள். மஞ்சள் சுடிதார், காற்றில் பறக்கிற துப்பட்டா. திடீரென்று அவள் எழுகிறாள், அவள் கை முன்னால் போகிறது, முழங்கைக்கு அப்பால் எல்லாம் அவர் முதுகுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடுகிறது. அவ்வளவுதான். அந்த முழங்கையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு அனுப்பினார்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். அந்தம்மா கை எங்க போகுது பாருங்க என்று ஒருவர். முழங்கை மடங்கியிருக்கிற கோணத்தைப் பார்த்தால் கை இடுப்பு உயரத்தில்தான் இருக்கணும் என்று இன்னொருவர், இன்ஜினியராம். அந்தப் படத்தில் அவள் வாய் பாதி திறந்திருக்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது, தலைமுடி ஒதுங்கி நரை தெரிகிறது. முன்பின் தெரியாத ஆண்கள் எத்தனையோ பேர் அவளுடைய முழங்கையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மளிகைக்கடையில் ஒருத்தர், நீங்கதான அந்த வீடியோல, என்றார். அதில் ஒருத்தருக்காவது, இந்தப் பொம்பளை எதற்காக இப்படிப் பதறி எழுந்திருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கை எங்கே போனது என்றுதான் கேட்டார்கள். முகத்தை எவன் பார்த்தான்.

வாகைக்குளம் தாண்டியாகிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் உடைமரமும் வெயிலும். ஏசி இந்தப் பக்கம் வருவதில்லை, சொன்னால் சரியா வருதே என்பார். அவர் இப்போது கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார், அவளுக்காக இல்லை, குழுவிடம் சொல்வதற்கான ஒத்திகை. பாறைத் திட்டு ஓரமா போட்டேன், பாப்பர், அந்தப் பொய் மீனு, தண்ணில விழுந்து ரெண்டு இழுப்பு, அடிச்சான் பாரு ஒரு அடி. மீனை எப்போதும் அவன் என்றுதான் சொல்வார், வீட்டிற்கு வந்த மாப்பிள்ளையைப் போல. அவன் நேரா இடது பக்கமா ஓடுதான், ரீல் கத்துது, நான் நரம்பு ஓடாம டிராக்க இறுக்கேன், அடுத்த நிமிசம் பாத்தா படகுக்கு அடியில நிக்கான், அந்த வேகம்லா வேகம், கண்ண மூடித் திறக்கதுக்குள்ள இடதுலருந்து அடிக்கு வந்துட்டான். இந்த இடம் வரும்போதெல்லாம் எமரன்சியா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எல்லாரிடமும் இப்படியேதான் சொல்லியிருக்கிறார். மகளிடம் போனில், ஆபீசில், பங்குச்சாமியிடம். இடது பக்கம் ஓடினான், அடுத்த நிமிசம் அடியில் நின்றான். நடுவில் இருப்பதை அவர் சொல்வதில்லை. மறைக்கவில்லை. அவருக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறந்தது மீனுடைய வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூடியது அவர் கண். அன்றைக்குக் கல்யாண நாள். கொடைக்கானல் போகலாம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், உனக்கும் காத்து வாங்குன மாதிரி இருக்கும் என்று. அவள் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு, நெஞ்சு டாக்டர் இவரைக் கொஞ்ச காலம் பாரம் இழுக்கக் கூடாது என்று சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தாள். முந்தின வருசம்தான் நெஞ்சுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தது. மீன் பாரமா, அது தண்ணிக்குள்ள இருக்குல்லா என்பார். ரீல் கத்தியது. படகோட்டி மிக்கேல் பாறையில் மோதிவிடாமல் இன்ஜினைத் திருப்புவதில் முதுகு காட்டி நின்றான். அவர் கால்களை அகட்டி நின்றார், கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு புடைத்தது அடங்கியது. அதை அவள் பார்த்தாள். யாரோ சுவிட்சை அணைத்ததுபோல, தோள் இறங்கியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் விரிந்தன. கண் வெள்ளை தெரிந்தது. அவள் இடது கை அவர் பெல்ட்டில் போய் மாட்டியது, வலது கை ராடில். இரண்டும் ஒரே நேரத்தில். எதை முதலில் பிடித்தாள் என்று அந்த ஆவுடையப்பன் கேட்டால் ஆண்டவர்மேல் ஆணையாக அவளுக்குத் தெரியாது. ராடு போனால் அவர் பின்னாலேயே போவார் என்று தோன்றியதா, அதன் அடிக்கட்டையிலிருந்த கொக்கி அவர் இடுப்பு வாரோடு மாட்டியிருந்ததா, ஒன்றும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. அவருடைய மொத்தப் பாரமும் ஒரு கையில், கடலுக்குள்ளிருந்து இழுக்கிற ஒன்று இன்னொரு கையில், வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பிறகு அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைத் திறந்து, பக்கத்தில் காப்பி டம்ளர் நீட்டிக்கொண்டு நிற்பவளிடமிருந்து வாங்குவதுபோல ராடை வாங்கிக்கொண்டு, தள்ளு என்றார். தள்ளினாள். அடியில நிக்கான் பாரு என்று கத்தினார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இதுதான் முள் மாதிரி எங்கே சுற்றினாலும் வந்து குத்துகிற இடம். படகிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் படகில் அவர் அந்த மீனை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மகள் பிறந்தபோதுகூட அழாத ஆள். கரைக்கு வந்து சொல்லலாம் என்றால் கரையில் கூட்டம். வீட்டிற்கு வந்து சொல்லலாம் என்றால் போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் சொன்னால், நேத்தே ஏன் சொல்லலன்னு கேட்பார். அதற்கு மறுநாள் சொன்னால் இரண்டு நாளைக்கும் சேர்த்துக் கேட்பார். அப்படித் தள்ளித் தள்ளி, சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனது. செக்கப்புக்குப் போவோம் என்று மட்டும் வாரம் தவறாமல் சொன்னாள். முப்பது கிலோ பாரையை ஒத்த ஆளா ஏத்தினவனுக்கு என்ன செக்கப்பு என்றார். அந்த மீனையே மருத்துவச் சான்றிதழாக வைத்துக்கொண்டார். அதற்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும். ஏத்தினது நீங்க மட்டும் இல்ல என்றா? குளியலறைக் கதவைத் தாழ் போடாதீங்க என்றாள், ஏன் என்றார், தாழ்ப்பாள் சரியில்லை என்றாள், உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்து சரிபண்ணிவிட்டார். எரிச்சல், எரிச்சல். பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிற புருசனாக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டுத் தொலைக்கலாம். இந்த மனுசன் பொய் சொல்ல மாட்டார். ஒரு தடவை ஒரு விளமீனை மிக்கேல் கை கொடுத்து ஏற்றினான் என்பதற்காக, யாரும் கேட்காமலேயே அதைக் கணக்கில் சேர்க்காதீங்க என்று சங்கத்துக்குச் சொன்னவர். அவருக்குத் தெரிந்த உண்மையைத்தான் அவளுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுக்கிறார். உண்மையை எதுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லணும், நிமிந்து பாத்துச் சொல்லு என்கிறார். பெல்ட்டு என்று சொன்னால் பொய் முழுக்க அவளுடையது. சொன்னால் என்ன ஆகும், கைதட்டுவார்கள், ஒரு கேடயம் கொடுப்பார்கள், அடுத்த மாசியில் அதைவிடப் பெரியது ஒன்றைத் தேடி இவர் தனியாகப் போவார், மிக்கேல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். ராடு என்று சொன்னால், ஏன் பிடிச்சீங்க என்பார்கள், இவர் நினைவில்லாமல் சரிந்ததை அவள் சொல்லியாக வேண்டும், ஆவுடையப்பனுக்கு முன்னால், பேனுக்குக் கீழே, இவர் அதை முதல்முறையாகக் கேட்பார். அந்த முகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சப்போர்ட்டுக்கு. சும்மா ஒரு சப்போர்ட்டுக்கு.

தெய்வச்செயல்புரம் போய், வல்லநாட்டு மலை தெரியத் தொடங்கியபோது அவர் டிராக் எப்படி இறுக்கினார் என்பதில் இருந்தார். அதுல ஒரு கணக்கு இருக்கு, ரொம்ப இறுக்கினா நரம்பு அந்துரும், விட்டா அவன் பாறைக்குள்ள, என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். வாக்கியம் முடியவில்லை. அவள் காத்திருந்தாள். பாறைக்குள்ள. அப்புறம் ஒன்றுமில்லை. டயர் சத்தம் மட்டும். அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய வலது கை போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டது. இறுக்கி, நகம் பதிய. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இடது ஓரம் போய் நேரானது, பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு கடந்து போனது. அவர் அவளையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மான் நின்றதாம். அதைப் பார்த்திருக்கிறார்.

"என்னட்டி பண்ணுத, கொன்னுருவியா?" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் பிடிச்சேன்" என்றாள்.

"பெல்ட்டையா?"

"கம்பை."

இந்தத் தடவை அவர் ராடு என்று திருத்தவில்லை. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். அணைத்ததும் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்தது. அவள் சொன்னாள். கோர்வையாக வரவில்லை, விரலில் தொடங்கிக் கழுத்துக்குப் போய், எலுமிச்சம்பழம் உருண்டு மிக்கேல் காலடிக்குப் போனதைச் சொல்லி, திரும்பவும் விரலுக்கு வந்தாள். உங்களுக்கு நினைவு தப்பிட்டு என்று அவள் சொன்னபோது அவர், சும்மா சொல்லாத, மீன் முழுக்க என் கையிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியாதா என்றார், குரலில் கோபம் இருந்தது. அப்ப சொல்லுங்க என்றாள். இடது பக்கம் ஓடிச்சு. சரி. பெறகு? படகுக்கு அடியில இருந்துச்சு. நடுவுல? அவர் வாயைத் திறந்தார். ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி, எத்தனையோ பேருக்குச் சொன்ன கதைக்குள் மறுபடி இறங்கித் தேடினார். உதடு அசைந்தது. இடதுபக்கம் என்று முணுமுணுத்தார். எமரன்சியா அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டில் கண்ணாடியைத் தேடுவதுபோல, வைத்த இடத்தில் இல்லாத ஒன்றை மறுபடி மறுபடி அதே இடத்தில் தேடினார். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கும்போதே, இத்தனை மாசம் இதை ஒத்தையாகச் சுமக்க வைத்தாயே பாவி என்றும் இருந்தது. கடைசியில் அவர் கை தளர்ந்து மடியில் விழுந்தது, அவள் திடுக்கிட்டாள், ஆனால் அது வெறுமனே தளர்ந்ததுதான். இப்போது கேட்பார், எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன், இப்ப எந்த ஆஸ்பத்திரி, அன்னைக்கே ஏன் சொல்லல. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"நீ பிடிச்சிருந்தப்ப இழுத்துச்சா?" என்றார்.

"என்னது?"

"அவன். இழுத்தானா?"

அவளுக்கு இந்த மனுசனை அப்படியே கீழே இறக்கிவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. நெஞ்சைப் பத்திக் கேப்பியன்னு பாத்தா மீனைப் பத்திக் கேக்கிய, உங்களுக்கு மூளை இருக்கா, அன்னைக்கு நீங்க செத்துப் போயிருப்பிய, என்று கத்தினாள். முதல் தடவையாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள். அவர் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் ஒரு மரியாதை இருந்தது, அவளிடம் எதற்கும் அப்படி அவர் காத்திருந்ததில்லை. அவள் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். இழுத்துச்சு என்றாள். ஓடுற பஸ்ஸோட கம்பியைக் கீழ நின்னு பிடிச்ச மாதிரி. விட்டுரலாம்னு கைக்குத் தெரியுது, ஆனா விட வரல. அவர் தலையை ஆட்டினார். ஆமா, அதான், அப்படித்தான் இருக்கும் என்றார். யாரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியாமல் கிடந்த ஒன்றை வேறொருவர் வாயால் கேட்டதுபோல முகம் கொஞ்சம் மலர்ந்தது, உடனே வாடியது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடாமலே டாக்டர் குரல் கேட்டது, எங்க வந்துட்டிருக்கீங்க, எல்லாரும் வந்தாச்சு. பெர்க்மான்ஸ், நான் வரல டாக்டர், அந்தப் பாரையைக் கணக்குலருந்து எடுத்துருங்க என்றார். டாக்டர் குரல், அம்மா தொட்டதா ஒத்துக்கிட்டாங்களா என்று கேட்டது.

"அவ இருந்தா டாக்டர். நாந்தான் அங்க இல்ல" என்றார்.

வைத்துவிட்டார். சாவியை அவள் பக்கம் நீட்டினார். ஹைவேயில் அவளை ஒரு நாளும் ஓட்ட விட்டதில்லை, உனக்குக் கண்ணாடியில பின்னால பாக்கத் தெரியாது என்பார். அவள் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். பாளையங்கோட்டையில் நெஞ்சு டாக்டர் சாயங்காலம்தான் உட்கார்வார், பரவாயில்லை, வாசலில் போய் உட்கார்ந்திருப்போம். இவர் கையில் ஊசி ஏற்றுவார்கள், படுக்கச் சொல்வார்கள், என்னவெல்லாமோ சொல்வார்கள். கடல் இனி இல்லை என்றுகூடச் சொல்வார்கள், அப்போது இவர் முகம் எப்படி ஆகும் என்று அதையும் இப்போதே பார்த்து வைக்க வேண்டியதாகிவிட்டது. தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது அவர் இடது சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தார். ஆற்றில் தண்ணீர் கிடந்தது. காலையிலிருந்து இந்த வாய் ஒரு நிமிசம் ஓயாதா என்று வேண்டியவள், இப்போது ரோட்டை ஒரு கண்ணாலும் அவரை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். சட்டைப் பொத்தானுக்கு மேலே நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை, பெல்ட் மறைத்தது. பாலம் முடிகிற இடத்தில் அவர் தொண்டையைச் செருமினார். ராடை எந்த இடத்துல பிடிச்ச, ரீலுக்கு மேலயா கீழயா என்றார். மேலே என்றாள். அது தப்பு, மேல பிடிச்சா பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வந்துரும், அந்த மாதிரி மீனுக்கு மணிக்கட்டு பிசகிப் போயிருக்கணும், உன் நல்ல நேரம், கீழ்க்கட்டையை வயித்துல குடுத்து, ஒரு கை ரீலுக்கு மேல, ஒரு கை கீழ, உடம்பைப் பின்னால சாய்ச்சு, கையால இழுக்கக் கூடாது பாத்துக்க, கால் பலத்துலதான் இழுக்கணும் என்று அவர் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத ஒன்றைப் பிடித்துக் காட்டிக்கொண்டே சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் மூச்சு வாங்குவதற்காக ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பெறகு?" என்றாள் எமரன்சியா.